நாற்பதைத் தாண்டினால் குறி தவறுமா?

1796-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் பெயர் கின்னிபுரூக். தொலைநோக்கியினுள் கட்டப்பட்ட கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் ஒலியோடு ஒப்பிட்டுக் குறித்து வைப்பது அவருடைய வேலை. தலைமை வானியலாளர் மாஸ்கலின் குறித்த நேரத்துக்கும் இவர் குறித்த நேரத்துக்கும் இடையே ஏறத்தாழ 0.8 வினாடி வேறுபாடு இருந்தது. கவனக்குறைவு என்று கருதி அவரை அனுப்பிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்தபின் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இச்செய்தியைப் படித்தார். பெயர் பெற்ற வானியலாளர்களையே ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது! கண்டதையும் கேட்டதையும் இணைத்து முடிவுக்கு வர ஆளுக்கு ஆள் வெவ்வேறு நேரம் ஆகிறது என்ற உண்மை இவ்வாறுதான் வெளிப்பட்டது.

நரம்பில் செய்தி பாயும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று அக்காலத்தில் பெரிய உடலியலாளர்களே நினைத்திருந்தனர். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் கால் நரம்பைக் கொண்டு அதை அளந்து காட்டினார். வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்தான்! மின்னலைப் போலப் பாயும் என்று எண்ணிய செய்தி, ஒரு விரைவு ரயிலின் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

விண்மீனை நோக்கிய அந்த உதவியாளரின் சிக்கல், இன்று வேறொரு கூட்டத்தாரின் சிக்கலாகியிருக்கிறது. இணையத்தின் வழியாக ஆடப்படும் துப்பாக்கிச் சுடும் வீடியோ விளையாட்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1999-இல் தோன்றிய ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’ இவ்வகையில் புகழ் பெற்றது. ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியின் முன் அமர்ந்து, திரையில் தெரியும் தெருக்களிலும் கூடங்களிலும் எதிரணியைத் தேடுகின்றனர். திரையின் நடுவே எப்போதும் ஒரு சிறு கூட்டல் குறி நிற்கும். மவுசை நகர்த்தி அந்தக் குறியை எதிரியின் மேல் வைத்து அழுத்த வேண்டும். சில துப்பாக்கிகளின் ஒரே குண்டு தலையில் பட்டால் போதும், ஆட்டம் இழந்தார். யார் முந்துகிறார் என்பது பல வேளைகளில் கால் வினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

பள்ளி நாட்களில் இவ்விளையாட்டைத் தொடங்கியவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. பதினெட்டு வயதுப் பையன்களிடம் தொடர்ந்து தோற்கும்போது, ‘வயசாயிடுச்சு அப்பா, விட்டுடுங்க’ என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். இது உண்மையா? உண்மையென்றால் எந்த அளவுக்கு உண்மை?

எது மந்தமாகிறது?

2014-இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்னும் போர்த்தந்திர விளையாட்டை ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தனர். 16 முதல் 44 வயது வரை உள்ளவர்கள் அவர்கள். திரையில் புதிய காட்சியைக் கண்டது முதல் முதற்செயல் வரை ஆகும் நேரம், 24 வயதிலிருந்தே மெல்ல நீளத் தொடங்குகிறது என்று கண்டனர். தேர்ந்த ஆட்டக்காரர்களும் இதிலிருந்து தப்பவில்லை. செய்தித்தாள்கள் ‘இருபத்து நான்கு வயதில் முதுமை’ என்று முழங்கின. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. வயதில் மூத்தவர்கள் எளிய கட்டளைகளையும் குறுக்கு விசைகளையும் அதிகம் பயன்படுத்தி, இழந்த நேரத்தை ஈடுகட்டிக்கொண்டிருந்தனர். இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒளி தோன்றியவுடன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்ற எளிய சோதனையில் இளைஞர் ஒருவருக்கு 200 முதல் 250 மில்லி வினாடி ஆகும். (ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லி வினாடி.) 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களிடம் அமெரிக்காவில் செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, இந்நேரம் ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மில்லி வினாடி வீதம் கூடுகிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் இடையே சுமார் 22 மில்லி வினாடி! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பலமுறை தேவைப்படும்.

ஆனால் எளிய சோதனை வேறு, தேர்ந்தெடுக்கும் சோதனை வேறு. நான்கு விளக்குகளில் எது எரிகிறதோ அதற்குரிய பொத்தானை மட்டும் அழுத்த வேண்டுமென்றால் வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த அளவீடுகளில், எளிய எதிர்வினை ஐம்பது வயது வரை அவ்வளவாக மாறவில்லை. தேர்ந்தெடுக்கும் எதிர்வினையோ வாலிபம் முழுவதுமே மெல்ல மெல்ல மந்தமாகிவந்தது. ஒரே ஆள் ஒருமுறை விரைவாகவும் மறுமுறை தாமதமாகவும் செய்யும் ஏற்ற இறக்கமும் வயதோடு கூடியது.

நரம்பு தேய்ந்துவிட்டதாலா? தோளிலிருந்து விரல் வரை ஒரு மீட்டர் நரம்பு என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள நரம்பில் செய்தி வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் பாய்கிறது. அப்படியானால் விரலை எட்ட 20 மில்லி வினாடிக்கும் குறைவு. முதுமையில் அந்த வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் இழப்பு 2 மில்லி வினாடிதான். ஆகவே பெரும்பகுதி தாமதம் கையில் இல்லை, மூளையில் இருக்கிறது.

மூளையில் எங்கே? இங்கேதான் சுவையான திருப்பம் வருகிறது. ஒருவர் முடிவெடுக்கும் நேரத்தை ஆய்வாளர்கள் கணித முறையில் மூன்றாகப் பிரிக்கிறார்கள். பார்ப்பதற்கும் கையை அசைப்பதற்கும் ஆகும் நேரம் ஒன்று. சான்றுகளைத் திரட்டும் வேகம் இரண்டாவது. எவ்வளவு சான்று சேர்ந்தால் ‘சரி, செய்’ என்று மனம் ஒப்புகிறது என்ற எல்லை மூன்றாவது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை இம்முறையில் அலசி 2022-இல் முடிவுகளை வெளியிட்டனர். சான்று திரட்டும் வேகம், அதாவது சிந்தனையின் வேகம், அறுபது வயது வரை அவ்வளவாகக் குறையவில்லை. குறைந்ததாகத் தோன்றியதற்குக் காரணம் மற்ற இரண்டும்தான். சிறப்பாக, வயது ஏற ஏற மனிதர்கள் எச்சரிக்கையாகிவிடுகிறார்கள். தவறு செய்யக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் சான்றுக்காகக் காத்திருக்கிறார்கள்.

சாலையைக் கடக்கும்போது இது நல்ல குணம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இதுவே தோல்விக்குக் காரணமாகிறது. எதிரே தெரிவது எதிரியா, நம் அணித்தோழரா என்று முழு உறுதி பெற்றபின் சுடுபவர் முன்பே விழுந்துவிடுகிறார். எச்சரிக்கை ஒரு பழக்கம். நரம்பைத் திருத்த முடியாது. பழக்கத்தை ஓரளவு திருத்தலாம். தோழர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் திரையின் மூலையிலுள்ள சிறு வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்தால், எதிரே தோன்றுபவர் யார் என்ற கேள்விக்கே இடமிராது.

வயதின் மேல் போடும் பழி

தாமதத்தின் எல்லாப் பங்கும் மனிதனுடையதல்ல. வரவேற்பறையிலுள்ள பெரிய தொலைக்காட்சிப் பெட்டியில் விளையாடுபவர்கள் உண்டு. அப்பெட்டி படத்தை அழகுபடுத்துவதற்காக உள்ளே பல வேலைகள் செய்கிறது. சில பெட்டிகளில் இதற்கே 100 மில்லி வினாடி வரை போய்விடும். வயது நாற்பது ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட 22 மில்லி வினாடியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! அமைப்புப் பட்டியலில் ‘கேம் மோட்’ என்ற ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் இத்தாமதத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும். புளூடூத் ஹெட்போனும் அப்படித்தான். ஒலி காதுக்கு வர 100 முதல் 200 மில்லி வினாடி பிந்தலாம். கம்பியுள்ள பழைய ஹெட்போனே இவ்விடத்தில் மேல்.

சாதாரணத் திரை வினாடிக்கு 60 படங்களைக் காட்டுகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி வினாடி. 144 படங்கள் காட்டும் திரையில் அது 7. 240 காட்டும் திரையில் சுமார் 4. காசு செலவழித்து இளமையை வாங்க முடியாது என்பார்கள். பத்து மில்லி வினாடி அளவுக்கு வாங்கலாம் போலிருக்கிறது.

இனிக் கண்ணுக்கு வருவோம். நாற்பது வயதையொட்டிக் கண்வில்லை இறுகி, அருகிலுள்ளவை மங்கலாகின்றன. இதை வெள்ளெழுத்து என்றும் சாளேசுவரம் என்றும் சொல்கிறோம். இதற்குப் போடும் கண்ணாடி, புத்தகம் படிக்கும் தொலைவாகிய 40 சென்டிமீட்டருக்கு ஏற்றது. கணிப்பொறித் திரையோ 60 அல்லது 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. பார்வை படிப்படியாக மாறும் ஒரே வில்லையைப் போட்டிருப்பவர்கள் திரைக்கு ஏற்ற பகுதியைத் தேடித் தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருப்பார்கள். திரையின் தொலைவை நாடாவால் அளந்து கண் மருத்துவரிடம் சொன்னால், அதற்கென்றே ஒரு கண்ணாடி எழுதித் தருவார்.

இன்னொன்று பலர் அறியாதது. வயதானால் கண்பாவை சுருங்குகிறது, கண்வில்லை மஞ்சளாகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணை எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இருண்ட மூலையில் நிற்கும் உருவம் பேரனுக்குத் தெரிந்து தாத்தாவுக்குத் தெரியாமற்போவதில் வியப்பில்லை. திரையின் ஒளியைக் கூட்டலாம். ‘வேலரன்ட்’ என்னும் விளையாட்டில் எதிரியைச் சுற்றியுள்ள கோட்டின் நிறத்தையே மாற்றிக்கொள்ள முடியும். மஞ்சளேறிய கண்வில்லை நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டிவிடுவதால், ஊதாக் கோட்டை விட மஞ்சள் கோட்டைத் தேர்வதே அறிவுடைமை.

மூலையின் வடிவக்கணிதம்

இனிச் சொல்லப்போவது இக்கட்டுரையின் முக்கியப் பகுதி. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது.

ஒரு சுவரின் மூலை. இந்தப் பக்கம் மூலையிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஒருவர். பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் ஐந்து மீட்டர் தொலைவில் மற்றொருவர், ராமசாமி. முருகன் மெல்ல மூலையைத் தாண்டி வெளியே வருகிறார். யார் யாரை முதலில் காண்பார்? ஒளி இரு பக்கமும் நேர்கோட்டில் செல்வதால் இருவரும் ஒரே நேரத்தில் காண்பார்கள் என்று தோன்றும். கண்ணுக்குக் கண் என்றால் அது சரி. ஆனால் மனிதனுக்குத் தோளும் இருக்கிறதே! விளையாட்டில் கண் தலையின் நடுவில் இருக்கிறது. தோள் அதிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

ராமசாமியின் கண்ணிலிருந்து மூலையைத் தொட்டுச் செல்லும் கோட்டை வரையுங்கள். முருகனின் தோள் அக்கோட்டைத் தாண்டியவுடன் அது தெரிந்துவிடும். அப்போது முருகனின் கண் இன்னும் 20 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. முருகனுக்கும் ராமசாமியின் தோள் சற்று முன்பே தெரியும்தான். ஆனால் ராமசாமி ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதால், அவருடைய 20 சென்டிமீட்டர் மூலைக்கு இப்பால் முருகனின் இடத்தில் 4 சென்டிமீட்டர் நகர்வுக்கே சமம். ஆக ராமசாமிக்கு 16 சென்டிமீட்டர் ஆதாயம். முருகன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால், 16 சென்டிமீட்டரைக் கடக்க 32 மில்லி வினாடி ஆகும்.

முன்பு சொன்ன 22-ஐ நினைவுகூருங்கள். ராமசாமிக்கு வயது அறுபத்தைந்தாகவும் முருகனுக்கு இருபத்தைந்தாகவும் இருந்தால்கூட, மூலையிலிருந்து தள்ளி நின்ற ஒரே காரணத்தால் ராமசாமிதான் முந்துகிறார். சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்ப்பது பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

மற்றொரு கணக்கு இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. இருவரின் கணிப்பொறிகளும் எங்கோ உள்ள ஒரு சர்வரோடு பேசுகின்றன. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப, வழியிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்க்காமலே 10 மில்லி வினாடி. ஓடிவருபவர் நகர்ந்த செய்தி முதலில் சர்வருக்குப் போய், பிறகு நிற்பவரின் திரைக்கு வர வேண்டும். நிற்பவரோ நகரவில்லை, அவர் இருக்கும் இடம் ஓடிவருபவரின் கணிப்பொறிக்கு முன்பே தெரியும். ஆகவே ஓடிவருபவர் தம் திரையில் எதிரியைக் கண்டு, அதற்குச் சற்றுப் பிந்தியே எதிரியின் திரையில் தாம் தோன்றுகிறார். இருவரின் இணைப்பும் தரமானதாக இருந்தாலும் இவ்வேறுபாடு 50 மில்லி வினாடியை எட்டலாம். பதுங்கியே காத்திருப்பது முதியவர்களுக்கு இயல்பாக வருகிறது. ஆனால் அசையாமல் காத்திருப்பவருக்கு இந்த 50 நட்டம்! ஒரு முறை சுட்டுவிட்டு அதே இடத்தில் நிற்காமல் இடம் மாறுவது, எதிரி எதிர்பாராத உயரத்திலோ பக்கத்திலோ நிற்பது, தாமே முதலில் வெளியே வருவது ஆகியவை இந்நட்டத்தைக் குறைக்கும்.

தொலைவைக் குறை, கேள்வியைக் குறை

1954-இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் ஒரு விதியைக் கண்டார். கையை ஒரு குறியின் மேல் கொண்டு வைக்க ஆகும் நேரம், குறியின் தொலைவு ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட அளவு கூடுகிறது. குறி பாதியாகச் சிறுத்தாலும் அதே அளவு கூடுகிறது. 1978-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மவுசைக் கொண்டு இதை அளந்தபோது, ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஏறத்தாழ 100 மில்லி வினாடி கிடைத்தது. துப்பாக்கி விளையாட்டுக்கு இதன் பொருள் என்ன? எதிரி தோன்றக்கூடிய இடத்தில், அவன் தலை இருக்கும் உயரத்தில், கூட்டல் குறியை முன்பே வைத்துக்கொண்டு நடந்தால், நகர்த்த வேண்டிய தொலைவு நான்கில் ஒன்றாகிவிடும். இரண்டு இரட்டிப்பு மிச்சம். அதாவது 200 மில்லி வினாடி! புதியவர்களைக் கவனியுங்கள்: தரையைப் பார்த்துக்கொண்டே ஓடுவார்கள்.

இதுபோல 1952-இல் பிரிட்டனின் ஹிக் கண்ட விதி, தேர்ந்தெடுக்க வேண்டியவை இரட்டிப்பானால் முடிவெடுக்கும் நேரமும் ஒரு குறிப்பிட்ட அளவு கூடும் என்கிறது. வயது அதிகம் பறிப்பது இந்தத் தேர்வு நேரத்தைத்தான் என்று மேலே கண்டோம். நான்கு வாயில்களையும் ஒருசேரக் கவனிக்க நினைக்காமல், மூன்றைச் சுவரால் மறைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் பார்க்கும் இடத்தில் நிற்பவருக்கு, தேர்வுச் சோதனை எளிய சோதனையாக மாறிவிடுகிறது.

காதும் உதவிக்கு வரும். ஒலிக்கு நாம் காட்டும் எதிர்வினை ஒளிக்குக் காட்டுவதை விட 40 மில்லி வினாடி அளவு விரைவானது. அதோடு, சுவருக்கு அப்பால் வரும் காலடி ஓசை கண்ணுக்கு எட்டாததைச் சொல்லிவிடுகிறது. முதுமையில் கீச்சென்ற மேல் ஒலிகள்தாம் முதலில் மறைகின்றன. காலடியின் கனத்த ஒலி பெரும்பாலும் தங்கிவிடும்.

1984-இல் அமெரிக்க உளவியலாளர் சால்ட்ஹவுஸ் 19 முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களைச் சோதித்தார். மூத்தவர்களின் எதிர்வினை நேரம் மந்தமாக இருந்தது. ஆனால் தட்டச்சு வேகம் குறையவில்லை! எப்படி? அவர்கள் விரல் அடிக்கும் எழுத்துக்கு இன்னும் பல எழுத்துகள் முன்னால் கண்ணை ஓடவிட்டிருந்தார்கள். வரவிருப்பதை முன்னரே கண்டவருக்கு அவசரம் இல்லை. துப்பாக்கி விளையாட்டில் முன்னால் படிக்க வேண்டியது எழுத்தை அல்ல, எதிரியின் எண்ணத்தை. அவர்களிடம் இப்போது பணம் எவ்வளவு, எந்தத் துப்பாக்கி வாங்கியிருப்பார்கள், சென்ற சுற்றில் எந்த வழியாக வந்தார்கள், குண்டு வெடிக்க இன்னும் எத்தனை வினாடி என்பவற்றை எண்ணிப் பார்க்க எதிர்வினை வேகம் தேவையில்லை.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. 2022 மே மாதத்தில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் பெரும்போட்டியை வென்ற ‘ஃபேஸ்’ அணியின் தலைவர், ‘கேரிகன்’ என்று அழைக்கப்படும் டென்மார்க்குக்காரர் ஃபின் ஆண்டர்சன். அப்போது அவருக்கு வயது 32. இருபதைத் தொட்டவர்கள் நிறைந்த அத்துறையில் இது முதுமை! அவருடைய புகழ் சுடும் வேகத்தால் வந்ததன்று. அணியை எங்கே எப்போது நகர்த்துவது என்று முடிவு செய்வதே அவர் வேலை. இன்னும் மூத்தவர்களும் உண்டு. அறுபது வயதைக் கடந்தவர்களே சேர்ந்த ‘சில்வர் ஸ்னைப்பர்ஸ்’ என்ற சுவீடன் நாட்டு அணி 2017-இல் களமிறங்கியது. ஜப்பானின் அகிட்டா மாநிலத்தில் 2021-இல் தோன்றிய ‘மட்டாகி ஸ்னைப்பர்ஸ்’ அணியினர் வேலரன்ட் ஆடுகிறார்கள். மட்டாகி என்பது அப்பகுதி மலைகளில் கரடி வேட்டையாடி வாழ்ந்த மக்களின் பெயர்.

இவற்றை ஆடினால் மூளை இளமையாகிவிடும் என்று சொல்வோரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். துப்பாக்கி விளையாட்டு பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்பதற்கு 2003 முதலே சான்றுகள் உள்ளன. அது மறதியைத் தடுக்கும் என்பது வேறு செய்தி. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற ‘லுமாசிட்டி’ நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக 2016-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

பயிற்சியைப் பற்றிச் சில சொற்கள். ஏற்ற இறக்கம் வயதோடு கூடுகிறது என்றோம் அல்லவா? தூக்கமின்மை அதை இன்னும் கூட்டும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கி விழுங்கும் பழைய வகை மாத்திரைகளும் கூட்டும். இரவு பதினொரு மணிக்கு மூன்று மணி நேரம் ஆடுவதைவிட, மாலையில் ஒரு மணி நேரம் ஆடுபவர் விரைவில் முன்னேறுவார் என்பது என் கருத்து. தோற்ற ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்து, எத்தனை முறை தாமதத்தால் வீழ்ந்தோம், எத்தனை முறை நிற்கக் கூடாத இடத்தில் நின்று வீழ்ந்தோம் என்று தாளில் இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவது பத்தியே நீளமாக இருக்கும்.

மவுசின் வேகத்தையும் குறைத்து வையுங்கள். சிறிது அசைத்தாலே திரை சுழலும்படி வைத்தால், கையின் இயல்பான நடுக்கமும் பெரிதாகித் திரையில் தெரியும். தொழில்முறை வீரர்கள் பலர் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுசை 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை நகர்த்துகிறார்கள். மணிக்கட்டால் இது முடியாது. முழங்கையிலிருந்து கையை வீச வேண்டும். முதல் வாரம் தோள் வலிக்கும். மணிக்கட்டுக்கு இதனால் நன்மைதான். ஆனால் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கலைத்தால், அது மணிக்கட்டின் குறுகிய வழியில் செல்லும் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது மவுசை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் இரவில் கட்டும் ஒரு பட்டையோடு சரியாகிவிடும்.